பணப்பெட்டியும் செபப் புத்தகமும்



நம் வீடுகளில் பீரோவுக்குள்ளோ, சுரூபம் வைத்திருக்கும் மாடத்துக்குப் பக்கத்திலோ பழைய செபப் புத்தகம் ஒன்று இருக்கும். அட்டை பிய்ந்துபோய், யாரோ ஊசி நூலால் தைத்திருப்பார்கள். திறந்தால் உள்ளேயிருந்து ஏதாவது கீழே விழும். தாத்தாவின் நினைவு அட்டை, புதுநன்மை வாங்கிய அன்று பங்குச்சாமி கொடுத்த படம், குருத்து ஞாயிறன்று வாங்கிவந்து காய்ந்துபோன ஓலைத் துண்டு. முதல் பக்கத்தில் பாட்டியின் பெயர் கோணல்மாணலாக எழுதியிருக்கும். இது நவம்பர் மாதம். நம்மைவிட்டுப் பிரிந்தவர்களுக்காக மன்றாடும் இந்த நாட்களில் உங்களில் பலர் அந்தப் புத்தகத்தை வெளியே எடுத்திருப்பீர்கள்.

பாட்டியின் வளையல் யாருக்குப் போனது, தோடு யாருக்குப் போனது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். புத்தகம் யாருக்கு என்று யாரும் சண்டை போட்டதில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். அந்தப் பக்கங்களை எச்சில் தொட்டுப் புரட்டி அவள் யார் யாருக்காக மன்றாடினாள்? அந்த மன்றாட்டில் நம் பெயரும் இருந்திருக்குமா? இருந்திருக்கும், பிரியமானவர்களே. நாம் செபிக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே நமக்காக யாரோ செபித்துவிட்டார்கள். நாம் கேட்காமலே கிடைத்த இரக்கம் அது.

இன்று உங்களிடம் ஏறக்குறைய 600 ஆண்டு பழமையான ஒரு செபப் புத்தகத்தைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன். அழகான புத்தகம். ஆனால் அதன் அழகுக்காக மட்டும் இதைச் சொல்ல வரவில்லை. அதை வைத்திருந்த குடும்பத்துக்கு நேர்ந்ததையும், பிறகு அந்தப் புத்தகத்துக்கே நேர்ந்ததையும் படித்ததிலிருந்து, நம் பங்கில் உள்ள சில குடும்பங்களின் நினைவு என்னை விட்டுப் போகவில்லை.

1440-ஆம் ஆண்டு வாக்கில், இன்றைய நெதர்லாந்தில் இருக்கும் யூட்ரெக்ட் நகரத்தில் அது உருவானது. ஐரோப்பாவில் அச்சுப் புத்தகம் அப்போது வரவில்லை. விலங்குத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டிச் சுரண்டி மெல்லிய தாளாக்குவார்கள். அதில் ஒருவர் இறகுப் பேனாவால் செபங்களை எழுதுவார். இன்னொருவர் படம் வரைவார், பொன் தகடு ஒட்டி மெருகேற்றுவார். இந்தப் புத்தகத்துக்கு வரைந்த ஓவியர் பெரும் திறமைசாலி. ஆனாலும் அவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. புத்தகத்தின் சொந்தக்காரியை வைத்து, ‘கிளீவ்ஸ் கத்தரீனின் ஓவியர்’ என்றுதான் இன்றுவரை அவரைச் சொல்கிறார்கள். தம் பெயரை விட்டுவிட்டு வேலையை மட்டும் கடவுளிடம் கொடுத்துப் போனவர்களில் அவரும் ஒருவர். கோவிலைக் கூட்டிப் பெருக்குகிறவர்களும் பீடத்துக்குப் பூ வைக்கிறவர்களும் நம் பங்கிலும் அப்படித்தானே இருக்கிறார்கள்.

மடங்களில் துறவிகள் நாளொன்றுக்கு எட்டு முறை கூடிச் செபிப்பார்கள். இரவில் எழுந்து செபிப்பது தொடங்கி, படுக்கப்போகும் முன் சொல்லும் செபம் வரை. குடும்பத்தில் இருப்பவர்களுக்கும் அந்த ஆசை வந்தது. அடுப்பையும் கடையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு மடத்துக்குப் போக முடியாதவர்கள், மடத்தின் மணிவேளைச் செபங்களைச் சுருக்கி, இப்படிப்பட்ட செபப் புத்தகமாகத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். அன்னை மரியாளுக்கான மணிவேளைகள், மனம் வருந்தும் ஏழு திருப்பாடல்கள், புனிதர்களின் மன்றாட்டுமாலை, இறந்தோருக்கான செபங்கள் எல்லாம் அதில் இருக்கும். நெதர்லாந்துப் பகுதியில் கேர்ட் குரோட்டே என்ற திருத்தொண்டர், 1384-இல் இறப்பதற்கு முன், இந்தச் செபங்களை மக்கள் பேசிய டச்சு மொழியில் எழுதிக் கொடுத்திருந்தார். லத்தீன் தெரியாத வியாபாரியின் மனைவியும் அதைப் பார்த்துச் செபித்தாள். நான் சொல்லும் புத்தகம் லத்தீனில் உள்ளது. பிரபு குடும்பத்துக்காகச் செய்தது.

அதன் சொந்தக்காரி கத்தரீன். ரைன் நதிக்கரையில் இருந்த கிளீவ்ஸ் நாட்டுக் கோமகனின் மகள். 1417-இல் பிறந்தவர். 1430-இல், 13 வயதுகூட நிரம்பாத சிறுமியாக, பக்கத்து நாடான கெல்டர்ஸின் கோமகன் ஆர்னால்டுக்கு மணம் முடித்துக் கொடுக்கப்பட்டார். புத்தகம் எழுதப்பட்ட காலத்தில் அவருக்கு இருபதுகளின் வயது. பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். மகன் அடோல்ஃப் 1438-இல் பிறந்தவன். பால்குடி மறக்காத குழந்தை வீட்டில் ஓடியாடிக்கொண்டிருந்தபோது, அந்தத் தாயின் மடியில் இந்தப் புத்தகம் விரிந்திருந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய புத்தகம் இல்லை. 19 சென்டிமீட்டர் உயரம், 13 சென்டிமீட்டர் அகலம். ஒரு கையில் பிடித்துக்கொள்ளலாம்.

தொடக்கப் படத்தில் கத்தரீனே இருக்கிறார். மடியில் குழந்தை இயேசுவோடு இருக்கும் அன்னை மரியாளின் முன்னால் முழந்தாளிட்டிருக்கிறார். சுற்றி ஓரங்களில் அவருடைய மூதாதையரின் குலச் சின்னங்கள். அவர் வாயிலிருந்து எழுவதுபோல ஒரு சுருள் வரைந்திருக்கிறது. கடவுளின் தாய் தம்மை நினைத்துக்கொள்ள வேண்டும் என்ற சிறிய மன்றாட்டு அதில் இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் தூய ஆவியாரின் கொடைகளில் ஒன்றான பக்தியைக் காட்ட, ஒரு சீமாட்டி ஏழைகளுக்குப் பிச்சையிடுவதாக ஓவியர் வரைந்திருக்கிறார். அந்தச் சீமாட்டியும் கத்தரீன்தான் என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். பக்தி என்பதற்குப் படம் போட வேண்டிய இடத்தில் கைகுவித்த உருவத்தை அந்த ஓவியர் போடவில்லை. நீட்டிய கையைப் போட்டார். புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் தாம் எப்படி வாழ வேண்டுமோ அந்தக் கோலத்திலேயே தம்மைப் பார்க்கும்படி அந்தத் தாய்க்கு அது வாய்த்தது. நம்மை நாம் அப்படிப் பார்ப்பதுண்டா? கண்ணாடி முன்னால் நிற்கும் நேரத்தில் கொஞ்சமாவது, கடவுள் நம்மை எப்படிப் பார்க்க விரும்புகிறார் என்று எண்ணியதுண்டா? அவர் பார்வையில் நாம் இன்னும் முழந்தாளிட்டவர்களாக, இன்னும் கொடுக்கிறவர்களாகவே இருக்கிறோம். நாம் விழுந்துகிடக்கும் நாளிலும் அந்தப் படத்தை அவர் அழித்துவிடுவதில்லை.

இந்தப் புத்தகத்தில் இன்று 157 ஓவியங்கள் உள்ளன. பக்கங்களின் படங்களைப் பார்த்தபோது என்னை நிறுத்திவைத்தவை ஓரங்களே. நடுவில் புனித அம்புரோஸ் ஆயரின் உருவம். சுற்றிலும் என்ன தெரியுமா? சிப்பிகள். கடற்கரைக் கூடையிலிருந்து அள்ளிவந்தது போன்ற கருநீலச் சிப்பிகள், சில மூடியும் சில வாய்திறந்தும், உள்ளே இருக்கும் மினுமினுப்புகூடத் தெரியும்படி. புனித பர்த்தலமேயுவைச் சுற்றி ரொட்டிக்கடையில் சுட்டு அடுக்கியவை, பின்னல்போட்ட ரொட்டியும் பிஸ்கட்டும். புனித லாரன்ஸைச் சுற்றி மீன்கள். கொர்னேலியு, சிப்ரியான் என்ற இரண்டு மறைசாட்சிகளைச் சுற்றிப் பறவைக் கூண்டுகள். இவையெல்லாம் யூட்ரெக்ட் சந்தையில் அன்றாடம் விலைக்கு வந்தவை. அப்பெரிய ஓவியருக்குத் தங்கத்தாலேயே எல்லா ஓரங்களையும் நிறைத்திருக்கத் தெரியும். ஆனால் மீன்காரி தலையில் சுமந்துவந்ததையும் ரொட்டிக்காரன் விடியற்காலையில் எழுந்து சுட்டதையும் புனிதர்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அவற்றை ஏளனத்துக்கு வைக்கவில்லை. ஒவ்வொரு சிப்பியையும், புனிதரின் முகத்துக்குக் கொடுத்த அதே பொறுமையோடு வரைந்திருக்கிறார். நம் கடற்கரைச் சகோதரர்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

இன்னும் இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தபின் நாசரேத்துத் திருக்குடும்பத்தை என்னால் வேறு விதமாக நினைக்க முடியவில்லை. ஒன்றில் மரியாள் தறியில் நெய்துகொண்டிருக்கிறார். யோசேப்பு இழைப்புளியால் பலகையை இழைக்கிறார். இருவருக்கும் இடையே குழந்தை இயேசு நடைவண்டிக்குள் நின்று எட்டுவைக்கிறார். குழந்தையின் பக்கத்தில் ஒரு சுருள், தாமே தாயின் ஆறுதல் என்று அவர் சொல்வதுபோல. அடுத்ததில் அடுப்பு எரிகிறது. மரியாள் குழந்தைக்குப் பாலூட்டுகிறார். யோசேப்பு பீப்பாயை அறுத்துச் செய்த நாற்காலியில் சாய்ந்து, கிண்ணத்திலிருந்து கரண்டியால் கூழ் சாப்பிடுகிறார். நாளெல்லாம் உழைத்த ஒரு மனிதன் வீடு திரும்பி உண்ணும் சாப்பாடு. பேச்சில்லை, சண்டையில்லை. யாருக்கு எவ்வளவு என்று கணக்கில்லை.

கத்தரீன் அந்தப் பக்கத்தை எத்தனை முறை பார்த்திருப்பார்? கோட்டையில் பிறந்து கோட்டைக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு, ஒரே அறையில் தறியும் தச்சுப் பலகையும் அடுப்பும் குழந்தையும் இருக்கும் வீட்டின் அமைதி ஏக்கமாக இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது. நம் வீட்டு அடுப்படியைச் சற்று நினைத்துப் பார்ப்போம். இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்டவர் வந்து உட்கார்ந்தால் என்ன கேட்பார்? யாரைப் பற்றிய பேச்சு? எந்த உறவினரின் பெயர் வந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறோம்? அவர் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்துபோகிறவர் இல்லை, சகோதரரே. நம் வீட்டுச் சத்தத்துக்கு நடுவிலேயும் அவர் இருந்தே வருகிறார். முப்பது வருடம் ஒரு தச்சர் வீட்டில் இருந்தவர் அவர். வீடு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

இப்போது நான் சொல்லப்போகும் பக்கம் கொஞ்சம் கடினமானது.

வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனிச் செபங்கள் இந்தப் புத்தகத்தில் உண்டு. திங்கட்கிழமை இறந்தோருக்கு. அந்தப் பகுதியில் ஒரு மரணப் படுக்கை வரைந்திருக்கிறது. ஒருவர் கட்டிலில் கிடக்கிறார். ஒரு பெண் அவர் கையில் எரியும் மெழுகுதிரியைப் பிடிக்க உதவுகிறாள். மருத்துவர் குப்பியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் செபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் வீடுகளில் நாம் பார்த்த காட்சிதான். எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் நோயில்பூசுதலின் எண்ணெயோடு நான் நின்றிருக்கிறேன், நீங்களும் நின்றிருக்கிறீர்கள். ஆனால் அதே பக்கத்தின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். பகட்டாக உடுத்திய ஒரு இளைஞன். அவன் வாரிசு. மேலே உயிர் இன்னும் போகவில்லை, கீழே அவன் பணப்பெட்டியை நாடிப் போய்விட்டான்.

இந்தப் பக்கம் கத்தரீனின் கையில் இருந்தது. வருடங்கள் ஓடின. ஆர்னால்டின் ஆட்சியில் கடன் ஏறியது, நகரங்கள் கொதித்தன, கணவன் மனைவிக்கு இடையே கசப்பு முற்றியது. மகன் அடோல்ஃப் வளர்ந்து, ஆட்சி தனக்கு வரவேண்டும் என்று நின்றான். தாய் மகன் பக்கம் நின்றார். 1465-இல் மகன் தன் சொந்தத் தகப்பனைப் பிடித்துச் சிறையில் அடைத்தான். ப்யூரன் கோட்டையில் ஆறு ஆண்டுகள் அந்த மனிதர் கைதியாக இருந்தார். 1471-இல் பர்கண்டியின் கோமகன் சார்லஸ் தலையிட்டுத் தகப்பனை விடுவித்தார், மகனைச் சிறையில் போட்டார். தகப்பன் தன் மகனுக்குக் கிடைக்கக்கூடாது என்று நாட்டையே சார்லஸிடம் அடகு வைத்தார். 1473-இல் இறந்தார். சார்லஸ் இறந்தபின் வெளியே வந்த மகன் 1477-இல் தூர்னே நகரத்துக்கு அருகே போர்க்களத்தில் மடிந்தான். பெட்டியை யார் திறப்பது என்று தொடங்கிய சண்டையில் பெட்டியே இருவர் கையையும் விட்டுப் போய்விட்டது.

நான் கத்தரீனைத் தீர்ப்பிட இங்கே நிற்கவில்லை. ஒரு தாயின் மனது எந்தப் பக்கம் இழுக்கும் என்று தாய்மார்களுக்குத் தெரியும். நாடு அழிகிறதே என்ற கவலையும் அவருக்கு இருந்திருக்கும். ஆனால் என் மனதைக் குடையும் கேள்வி ஒன்று உண்டு, அதை உங்களிடமும் வைக்கிறேன். பணப்பெட்டியை நாடும் வாரிசின் படம் அவர் புத்தகத்திலேயே இருந்தது. தன் மகன் சின்னவனாக இருந்தபோதே அந்தப் பக்கத்தை அவர் புரட்டியிருக்கிறார். அப்படியிருந்தும் நடந்தது நடந்துவிட்டது. அப்படியானால் செபப் புத்தகம் அவரைக் காப்பாற்றவில்லையா? நாம் சொல்லும் செபமாலையும் நாம் பார்க்கும் திருப்பலியும் நம் வீட்டுச் சண்டையைத் தடுக்கவில்லை என்றால், அவற்றால் என்ன பயன்?

உங்களில் சிலர் இதை என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறீர்கள். ‘சாமி, நாங்க செபிக்காத நாளே இல்ல. அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?’ என்று.

பிரியமானவர்களே, தாவீது அரசரை நினைத்துக்கொள்வோம். திருப்பாடல்களில் எத்தனையோ அவர் பெயரால் விளங்குகின்றன. அவரைவிட அதிகம் செபித்தவர் யார்? அவர் மகன் அப்சலோம் அவருக்கு எதிராக எழுந்தான். வயதான அரசர் வெறுங்காலோடு, முக்காடிட்டு அழுதுகொண்டே ஒலிவமலை ஏறினார். மகன் செத்தான் என்ற செய்தி வந்தபோது, வெற்றிபெற்ற அரசராக இராமல், பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனாக மேலறைக்குப் போய்க் கதறினார். செபம் அவர் வீட்டைச் சண்டையிலிருந்து காக்கவில்லை. ஆனால் சண்டைக்குப் பிறகும் திரும்பிவர அவருக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது. அவர் பெயரால் வரும் 51-ஆம் திருப்பாடலை வெள்ளிக்கிழமைதோறும் திருச்சபை இன்றும் காலைச் செபத்தில் சொல்கிறது. பாவம் செய்த ஒரு மனிதனின் கண்ணீரை வாங்கி, அதையே நமக்கும் செபமாகக் கொடுத்தார் கடவுள்.

அதே திருப்பாடல் கத்தரீனின் புத்தகத்திலும் உண்டு. மனம் வருந்தும் ஏழு திருப்பாடல்களில் நடுவாக வருவது அது. கணவர் கோட்டைச் சிறையில் இருந்த ஆறு ஆண்டுகளிலும் அந்தச் செபங்கள் அழியாமல் இருந்தன. மனம் திரும்புகிறவருக்கு அந்தப் பக்கங்கள் அப்போதும் திறக்கும். கடவுளின் இரக்கம் நம் நல்ல நாட்களில் மட்டும் வாசிக்கக் கிடைப்பதில்லை. நாம் செய்யக்கூடாததைச் செய்துவிட்ட பிறகும் அது அங்கேயே இருக்கிறது.

இனி, அந்தப் புத்தகத்துக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். 400 ஆண்டுகளுக்குமேல் கழித்து, 1850-களில், பாரிஸ் நகரத்தில் ஒரு வியாபாரத்தில் அதற்குப் பாகப்பிரிவினை நடந்தது. ஒரு புத்தகமாக விற்பதைவிட இரண்டாக விற்றால் லாபம். தையலை அவிழ்த்தார்கள். நடுவில் வெட்டி இரண்டாக்கினால் பாதி என்று தெரிந்துவிடும் அல்லவா? அதனால் பக்கங்களைக் கலைத்து, இங்கிருந்து கொஞ்சம் அங்கிருந்து கொஞ்சம் என்று எடுத்து அடுக்கி, ஒவ்வொன்றும் முழுப் புத்தகம்போலத் தோன்றும்படி இரண்டு புத்தகங்கள் கட்டினார்கள். ஒன்று ஆரன்பர்க் என்ற பிரபு குடும்பத்துக்குப் போனது. இன்னொன்று வேறு கைகளுக்குப் போனது. நூறு ஆண்டுகளுக்கு மேல் இரண்டும் தனித்தனியே இருந்தன.

சகோதரரே, இதைப் படித்தபோதுதான் நான் முதலில் சொன்ன நம் குடும்பங்களின் நினைவு வந்தது. நவம்பர் 2-ஆம் நாள் நம் கல்லறைத் தோட்டத்தில் நான் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே போனேன். ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் காலையில் மூத்த மகன் குடும்பத்தோடு வந்து மெழுகுதிரி ஏற்றிப் பூ வைத்துப் போனார். மாலையில் இளைய மகன் வந்தார். ஏற்கெனவே வைத்திருந்த பூவை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தம் பூவை வைத்தார். ஒரே தகப்பனின் கல்லறை. வீட்டைப் பிரித்த நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. யார் என்று நான் சொல்லப்போவதில்லை. நம் பங்கில் இப்படி ஒரு குடும்பம் மட்டும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் பூசைக்கு வருகிறவர்கள். அவரவர் வீட்டில் அவரவர் முழுமையாகத்தான் வாழ்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள், திருநாள் வருகிறது, எதுவும் குறைவில்லாததுபோல இருக்கிறது. ஆனால் பக்கங்கள் கலைந்துகிடக்கின்றன. அம்மா இவரிடம் சொன்ன கதை அவருக்குத் தெரியாது. அப்பா அவரிடம் கடைசியாகச் சொன்னது இவருக்குத் தெரியாது.

லூக்கா நற்செய்தியில் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, தம் சகோதரர் தமக்குச் சொத்தில் பங்கு கொடுக்கும்படி சொல்ல வேண்டும் என்று இயேசுவிடம் கேட்கிறார். ஆண்டவர் பாகம் பிரித்துக் கொடுக்கும் வேலையை ஏற்கவே இல்லை. அந்த மனிதருக்கு நியாயம் இருந்திருக்கலாம். இயேசு நியாயத்துக்கு எதிரானவரும் இல்லை. ஆனால் பிரித்துக் கொடுப்பதற்காக அவர் வரவில்லை. அதற்கு அடுத்த சில அதிகாரங்களில் அவரே ஒரு கதை சொல்கிறார். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன மகனின் கதை. தகப்பன் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்கிறார். பிறகு, வெளியே நின்று கோபித்துக்கொண்டிருக்கும் மூத்தவனிடமும் அவரே இறங்கிவந்து வருந்தி அழைக்கிறார். இரண்டு பிள்ளைகளையும் தேடி அந்தத் தகப்பனே வெளியே வருகிறார். இதை நாம் கவனித்திருக்கிறோமா? யார் சரி, யார் தப்பு என்று அவர் விசாரணை வைக்கவில்லை. வீட்டுக்குள் இருவரும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

கத்தரீனின் புத்தகத்தில் ஒரு பாதியை 1963-இல் நியூயார்க்கின் மார்கன் நூலகம் வாங்கியது. 1970-இல் அடுத்த பாதியும் அதே நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டையும் ஆராய்ந்தவர்கள் எந்தப் பக்கத்துக்குப் பின் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று செபங்களின் வரிசையை வைத்தே கண்டுபிடித்தார்கள். பாரிஸில் யார் எப்படிக் கலைத்திருந்தாலும், திங்கட்கிழமைச் செபம் திங்கட்கிழமைச் செபத்தோடு சேர வழி இருந்தது. 2009-இல் நெதர்லாந்தின் நெய்மேகன் நகரத்திலும், 2010-இல் நியூயார்க்கிலும் அந்தப் பக்கங்களைப் பழைய வரிசைப்படி மக்கள் பார்க்க வைத்தார்கள். சில பக்கங்கள் தொலைந்தே போய்விட்டன, திரும்பவில்லை. பிரிந்த குடும்பங்கள் சேரும்போதும் அப்படித்தான். இழந்த வருடங்கள் சில வரவே வராது. அதற்காகச் சேராமல் இருந்துவிடலாமா?

இரக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒரு படம் மிச்சமிருக்கிறது. அந்த ஓவியர் நரகத்தையும் வரைந்திருக்கிறார். கோரமான விலங்கின் வாய், அதற்குள் இன்னொரு வாய், அதற்குள் நெருப்பு. பேய்கள் ஆட்களைத் தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுவருகின்றன. கீழே தலையான பாவங்கள் ஏழின் பெயர்களும் சுருள்களில் எழுதியிருக்கின்றன. பார்த்தால் பயம் வரும், வரட்டும். ஆனால் புத்தகத்தின் வேறொரு பக்கத்தில் அதே நெருப்பு வாயருகே ஒரு வானதூதர் குனிந்து ஆன்மாக்களை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார். இறந்தோருக்கான செபங்களோடு இந்தப் படத்தை வைத்ததன் நம்பிக்கை நமக்குத் தெரிந்ததே. உயிரோடிருப்பவர்கள் மன்றாடினால் அங்கே ஒருவருக்கு ஆறுதல். நாம் பேச மறந்த தகப்பனுக்கு, மன்னிப்புக் கேட்பதற்குள் போய்விட்ட தம்பிக்கு, இன்றும் நம்மால் ஏதாவது செய்ய முடியும். இறந்தவர்களோடு நம் கணக்கு முடிந்துவிடவில்லை என்பது எவ்வளவு பெரிய கருணை!

இறந்தோர் பெயர்களை எழுதித் தரும் தாள்கள் இந்த மாதம் முழுவதும் கோவில் வாசலில் இருக்கும். இதுவரை வந்த தாள்களைப் பீடத்தில் வைக்கும் முன் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரே தகப்பனாரின் பெயர் இரண்டு தாள்களில், இரண்டு வேறு கையெழுத்துகளில் வந்திருப்பதைப் பார்த்தேன். இன்னும் எழுதாதவர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிந்தால், உங்கள் அண்ணன் வீட்டுக்கோ தங்கை வீட்டுக்கோ போய், அவர்களும் சேர்ந்து எழுதும்படி கேளுங்கள். பேச்சு வராவிட்டால் தாளை மட்டும் நீட்டுங்கள். அதுவும் இப்போது முடியாது என்றால் மனம் கலங்க வேண்டாம். நீங்கள் தனியாகவே எழுதிப் போடுங்கள். இரண்டு தாள்களையும் நான் ஒன்றாக மடித்தே பீடத்தில் வைக்கிறேன்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்திருப்பேன். இருட்டிய பிறகு வந்தாலும் பரவாயில்லை, வாருங்கள்.